ஆவணிக் கிணறும் ஓர் அளவுக்கயிறும்: வன்னியில் சூழல் தீர்வுகளை நிறுத்துப் பார்ப்பது எப்படி

காலநிலை மாற்றத்துக்குத் தீர்வு என்று ஊர்க்கூட்டத்துக்கு வரும் திட்டங்கள் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் நன்றாக வேலை செய்தவைதான். அவை ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் மடுவிலும் தண்ணீர் வற்றிய ஆவணி மாதத்தில் வேலை செய்யுமா என்பதைத்தான் நாங்கள் பார்க்கவேண்டும். மார்கழியில் எதைச் செய்தாலும் சரிவரும். கிணறு விளிம்புக்கு வந்திருக்கும், நட்ட கன்று துளிர்த்து நிற்கும், குளம் வான் (மிகுதித் தண்ணீர் வழிகிற கட்டு) பாயும். அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டு மாதம் கழித்துத் தவிக்கிற ஊர்கள் இருக்கின்றன. அதனால் கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றையும் ஆவணித் தண்ணீரில் வைத்தே போட்டிருக்கிறோம். வேண்டிய சாமான் அதிகம் இல்லை: ஒரு கொப்பி, 15 மீற்றர் கயிறு, அளவுநாடா, மணிக்கூடு, கணக்குப் போட ஒரு போன்.

கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

கொப்பியின் ஒரு பக்கத்தில் புகையைக் குறைக்கிற வேலைகளை எழுதுங்கள். மற்றப் பக்கத்தில் மாறிவரும் காலநிலையைத் தாங்குகிற வேலைகளை எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் எந்தத் தீர்வையும் சரியாக எடைபோட முடியாது.

இலங்கையில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கும் மேல். வன்னிக் கமக்காரரின் பங்கு நாட்டுச் சராசரியிலும் குறைவாகத்தான் இருக்கும். எனவே புகைக்கணக்கை மட்டும் காட்டி எங்கள் தலையில் செலவை ஏற்றுகிற திட்டத்துக்கு அவசரப்படத் தேவையில்லை. தாங்குகிற கணக்கில் முதலில் தேறட்டும். புகையும் குறைந்தால் அது மேலதிக இலாபம்.

எதைத் தாங்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். பூமியின் சராசரி வெப்பநிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட ஒரு பாகைக்கு மேல் ஏறிவிட்டது. காற்று ஒரு பாகை சூடானால் 7 சதவீதம் கூடுதலான நீராவியைப் பிடித்துவைக்கும். அதனால் மழை வரும்போது கொட்டித் தீர்க்கிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்க வேண்டிவந்ததையும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுபக்கம், மழையில்லாத நாட்களில் மண்ணும் குளமும் முன்னையைவிட விரைவாகக் காய்கின்றன. நெல் பூக்கும் காலையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். சிறுபோகத்தில் (கோடை நெற்செய்கையில்) பூக்கும் கிழமை ஆனி, ஆடி வெக்கையில் விழுகிறதா என்று விதைக்கமுன்னரே நாள் எண்ணிப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஒவ்வொரு தீர்விடமும் நாலு கேள்வி

1. எந்தப் பிரச்சினையை, எவ்வளவு குறைக்கும்? பதில் லீற்றரிலோ கிலோவிலோ நாளிலோ வரவேண்டும். "நன்மை தரும்" என்பது பதில் இல்லை.
2. ஆவணியில் எவ்வளவு தண்ணீர் கேட்கும்?
3. மூன்றாம் வருடம் பழுதானால் யார் திருத்துவார், சாமான் எங்கே வாங்குவது, அதற்குக் காசு எந்தக் கணக்கில் இருக்கும்?
4. பிழையாகிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா?

நாலாவது கேள்வியை விட்டதால் வந்த இழப்பை நாடே அனுபவித்தது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2021/22 காலபோகத்தில் (மாரி நெற்செய்கையில்) நாட்டின் நெல் விளைச்சல் முந்திய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. கூட்டெருவில் குற்றம் இல்லை. கணக்கில்தான் குற்றம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்குதான் நைதரசன், அதிலும் கால்வாசிதான் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஒரு மூடை யூரியாவை முழுதாக ஈடுசெய்ய 9 தொன் கூட்டெரு வேண்டும். ஓர் ஏக்கருக்கு அவ்வளவு எருவை எங்கே எடுப்பது, எதில் ஏற்றுவது?

அதற்காக எருவைக் கைவிடவும் வேண்டாம். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையை வெட்டி உழவோடு மிதித்தால் 100 கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ நைதரசன் சேரும். 800 கிலோ போட்டால் 6 கிலோ, அதாவது கால் மூடை யூரியாவின் அளவு. இலை விரைவாக உக்குவதால் அதில் பெரும்பகுதி அதே போகத்திலேயே பயிருக்குக் கிடைக்கும். கால் மூடை குறைப்பது நடக்கக்கூடிய காரியம். முழு மூடையையும் ஒரே போகத்தில் நிறுத்துவது நடக்காத காரியம்.

கிணற்றை அளக்காமல் சோலர் பம்பி வாங்காதீர்கள்

வவுனியாப் பக்கத்திலும் வன்னியின் உட்பகுதிகளிலும் நிலத்தடி நீர் கடும்பாறைக்கு மேலே உள்ள உக்கிய மண்படையிலும் பாறை வெடிப்புகளிலுமே நிற்கிறது. அது ஆழமான ஊற்று அன்று, மழையில் ஊறி ஆவணிக்குள் வடிகிற படை. முருங்கன், முழங்காவில் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் தாராளம், ஆனால் கரைக்குக் கிட்ட மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மண்ணெண்ணெய் ஊற்றி இறைக்கும்போது எண்ணெய் விலை ஒரு கடிவாளமாக இருந்தது. சோலரில் அந்தக் கடிவாளம் இல்லை, வெயில் இருக்கும்வரை பம்பி ஓடும். உங்கள் கிணறு வற்றினால் அயலவரின் கிணறும் சேர்ந்தே வற்றும். ஆகவே முதல் வேலை கிணற்றின் ஊற்றை அளப்பது.

ஆவணி நடுப்பகுதியில் ஒரு நாளைத் தெரிவுசெய்யுங்கள். விடியற்காலை, ஒருவரும் தண்ணீர் அள்ளமுன் போங்கள். கயிற்றின் நுனியில் ஒரு பெரிய இரும்பு நட்டைக் கட்டி, அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள். கிணற்று விளிம்பில் ஓர் இடத்தில் பெயின்ற் அடையாளம் வைத்து, எப்போதும் அங்கிருந்தே கயிற்றை இறக்குங்கள். விளிம்பு மட்டமாக இருக்காது, இடம் மாறினால் அளவும் நாலைந்து அங்குலம் மாறும். நட்டுத் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றை விளிம்பில் பிடித்து, வெளியே எடுத்து நாடாவால் அளந்து எழுதுங்கள். பிறகு அடிமட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

இனி வழக்கமான பம்பியால் தண்ணீர் சரியாக ஒரு மீற்றர் இறங்கும்வரை இறைத்து நிறுத்துங்கள். நிறுத்திய நேரத்தை எழுதுங்கள். முதல் இரண்டு மணித்தியாலமும் அரை மணிக்கு ஒருதடவை, பிறகு மாலையில் ஒருதடவை, மறுநாள் அதே விடியலில் ஒருதடவை அளவெடுங்கள். இடையில் வாளியால்கூட ஒருவரும் அள்ளக்கூடாது. முதலில் மட்டம் விரைவாக ஏறி, பிறகு மெதுவாகும். அரை மணி நேர ஏற்றத்தை 24 மணிக்குப் பெருக்கிக் கணக்குக் காட்டுகிறவர்கள் பிழைவிடுவது இங்கேதான். மறுநாள் விடியலில் நிற்கும் மட்டமே உண்மையான கணக்கு.

5 மீற்றர் விட்டமுள்ள கமக்கிணறு என்றால் ஒரு மீற்றர் தண்ணீர் 19,600 லீற்றர். (2.5 ஐ 2.5 ஆல் பெருக்கி, வருவதை 3.14 ஆல் பெருக்கினால் 19.6 கனமீற்றர்.) மறுநாள் விடிய அந்த ஒரு மீற்றரும் ஊறிவிட்டது என்று வையுங்கள். அதில் கால்வாசியைப் பிந்திய மழைக்கும் அயலவருக்கும் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு 15,000 லீற்றர் எடுக்கலாம். வெயில் காலத்தில் மிளகாய், வெங்காயத்துக்கு நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும். ஓர் ஏக்கருக்கு அது 24,000 லீற்றர். அப்படியானால் இந்தக் கிணறு தாங்குவது அரை ஏக்கருக்குச் சற்று மேல்தான். இரண்டு ஏக்கருக்குத் திட்டம் போட்டால் ஆடியில் பயிர் காயும்.

பம்பியின் அளவு இதிலிருந்து வரும். ஆயிரம் லீற்றரை ஒரு மீற்றர் உயர்த்த 2.7 வாட்-மணி சக்தி வேண்டும். மிகத் தாழ்ந்த மட்டம் 7 மீற்றர், மேலே தாங்கி 2 மீற்றர், பைப்பில் உரசலுக்கு 1 மீற்றர் என்று மொத்தம் 10 மீற்றர் வைத்தால் 15 × 10 × 2.7, அதாவது 405 வாட்-மணி. சிறிய பம்பிகள் கொடுக்கும் சக்தியில் 40 சதவீதம் அளவிலேயே தண்ணீராக மாற்றும் என்பதால் 0.4 ஆல் வகுக்க, ஆயிரத்துக்குச் சற்று மேல். அதை நல்ல வெயில் 4.5 மணித்தியாலத்தாலும், தூசி, வெப்ப இழப்புக்காக 0.75 ஆலும் வகுத்தால் 300 வாட் வரும். 400 வாட் பலகை ஒன்று போதும். இந்தக் கிணற்றுக்கு 1,500 வாட் தொகுதியை ஒருவர் விற்க வந்தால், கணக்கைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

பொருத்தும்போது பலகை தெற்குப் பார்க்க, 10 பாகை சாய்வில் இருக்கட்டும். எங்கள் அகலக்கோட்டுக்கு அந்தச் சாய்வு சரி, மழையில் தூசியும் தானாகக் கழுவுப்படும். கட்டுப்பாட்டுப் பெட்டியை வெயில் படாத நிழலில் வையுங்கள், சூட்டில் முதலில் பழுதாவது அதுதான். ஐப்பசி இடிமின்னலுக்கு நிலக்கம்பி கட்டாயம். பலகையின் ஒரு மூலையில் வேப்பங்கிளை நிழல் விழுந்தாலே முழுப் பலகையின் மின்னும் வெகுவாகக் குறையும். கடற்கரைப் பக்கக் கிணறு என்றால் மாதம் ஒருதடவை உவரை அளந்துபாருங்கள். மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் பெரும்பாலான மரக்கறிகளுக்கு ஆகாது, இறைப்பைக் குறைக்கவேண்டும்.

சரி, புகைக்கணக்கு? ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் 120 நாள் இறைத்த தோட்டம் 300 கிலோ காபனீரொட்சைட்டை மிச்சப்படுத்தும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

ஓர் அடிப் பைப் செய்கிற வேலை

தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்றுப் போகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் உக்கும் தாளையும் வேரையும் தின்று மெதேன் வாயுவை விடும். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். தென்னாசியாவுக்கான சராசரியில், ஓர் ஏக்கர் வயலில் நூறு நாள் தொடர்ந்து தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 35 கிலோ மெதேன், அதாவது ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குக் கிட்ட. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் அதில் பாதியளவு குறையும். சோலர் பம்பி மிச்சப்படுத்திய 300 கிலோவைவிட இது கூடுதல். செலவோ ஒரு துண்டுப் பைப்தான். குளத்துத் தண்ணீரும் மிஞ்சும் என்பதால் சிறுபோகத்தில் தாங்குகிற கணக்கிலும் இது முன்னால் நிற்கிறது.

நாலு அங்குல எஸ்லோன் (பீவிசி) பைப்பில் 30 சென்றிமீற்றர் துண்டு வெட்டுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிவர, இரண்டு சென்றிமீற்றர் இடைவெளியில், 5 மில்லிமீற்றர் துளைகள் போடுங்கள். துளைபோட்ட பாதி மண்ணுக்குள்ளும் மற்றப் பாதி வெளியிலும் நிற்கும்படி அடித்து இறக்குங்கள். உள்ளே உள்ள சேற்றைக் கையால் முழுதாக அள்ளி எடுங்கள். சிறிது நேரத்தில் உள்ளும் புறமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் துளை அடைத்திருக்கிறது, கழற்றிக் கழுவிப் போடுங்கள். வரம்புக்குக் கிட்ட, போய்ப் பார்க்க வசதியாக, வயலின் நடுத்தர மட்டமான இடத்தில் நடுங்கள். மேட்டில் நட்டால் தேவையில்லாமல் பாய்ச்சுவீர்கள், பள்ளத்தில் நட்டால் மேட்டுப்பயிர் வாடும்.

விதைத்து மூன்று கிழமைவரை வழக்கம்போல் தண்ணீர் நிற்கட்டும். அதற்கு முன் காயவிட்டால் களை மேலோங்கி, மிச்சம்பிடித்த காசு களைநாசினிக்குப் போகும். பிறகு பைப்புக்குள் தண்ணீர் நிலமட்டத்திலிருந்து 15 சென்றிமீற்றர் கீழே போகும்வரை பொறுங்கள். போனதும் 5 சென்றிமீற்றர் நிற்கப் பாய்ச்சுங்கள். மேல்மண் வெடிக்கத் தொடங்கியதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், வேர் நிற்கும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. ஆனால் பூக்க ஒரு கிழமை முன்பிருந்து பூத்து ஒரு கிழமை பின்வரை காயவிடவே கூடாது. யூரியாவைத் தண்ணீர் வற்றிய மண்ணில் எறிந்து உடனே பாய்ச்சுங்கள். ஈரமும் காற்றும் மாறிமாறி வரும் மண்ணில் உரம் கிடந்தால் அது நைதரசன் வாயுக்களாகப் பறக்கும், அவற்றில் ஒன்று மெதேனைவிடப் பலமடங்கு சூடாக்கக்கூடியது.

இது எங்கே தவறும் என்பதையும் சொல்லவேண்டும். களிமண் வயலில் 15 சென்றிமீற்றர் இறங்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கலாம், மணற்பாங்கான வயலில் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். வாய்க்காலில் முறைத்தண்ணீர் ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றால், மணல் வயல்காரர் பைப்பை நம்பிக் காத்திருக்க முடியாது, கிடைக்கிற அன்றே நிறையக் கட்டிவைப்பார். தனி ஆளாகச் செய்து கைவிடுவது இதனால்தான். சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே வாய்க்கால் வாய்க்காலாக மண்ணைப் பார்த்து முறைநாளை வகுக்கும்படி கமக்காரர் அமைப்பு கேட்கவேண்டும். உவர் ஏறுகிற வயலில் இந்த முறை வேண்டவே வேண்டாம். காயும்போது உப்பு மேலே வரும். காலபோக மழையில் வயல் காயாது, அப்போது பைப்பைக் கழற்றி வையுங்கள்.

இதோடு நெல்லின் வயதையும் கணக்கில் எடுங்கள். வயலில் பயிர் நிற்கிற ஒவ்வொரு நாளும் ஆவியாகவும் ஊறியும் 8 மில்லிமீற்றர் போகிறது என்று வைத்தால், ஏக்கருக்கு ஒரு நாள் 32,000 லீற்றர். மூன்றரை மாத பிஜி 352க்குப் பதிலாக இரண்டரை மாத பிஜி 250 விதைத்தால் ஒரு மாதத் தண்ணீர் மிச்சம், அது ஏக்கருக்கு ஒன்பதரை இலட்சம் லீற்றருக்கும் மேல். விளைச்சல் சற்றுக் குறையும். குளம் அரைவாசியாக நிற்கும் வருடத்தில் அந்தக் குறைவு, கதிர்ப்பருவத்தில் காய்ந்துபோவதைவிடப் பலமடங்கு மேல்.

குளத்தைத் தோண்டுவதா, வானை உயர்த்துவதா

கிராமத்துச் சிறுகுளங்களுக்கு இந்த இரண்டு யோசனையும் அடிக்கடி வரும். ஓர் ஏக்கர் அலைகரையில் (குளத்துத் தண்ணீர் பரந்து நிற்கும் நிலத்தில்) ஓர் அடி மண் எடுத்தால் 43,560 கன அடி, மூன்று கியூப் (300 கன அடி) ரிப்பரில் 145 லோட். பணமும் டீசலும் எவ்வளவு போகும் என்று இந்த எண்ணிலிருந்தே பார்க்கலாம். வானை அரை அடி உயர்த்துவது மலிவு, ஆனால் அப்போது கூடுகிற தண்ணீர் பெரும்பாலும் அகலமாக, ஆழமில்லாமல் நிற்கும். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தால் 150 நாளில் 750 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அடி. அரை அடித் தண்ணீர் பங்குனி, சித்திரைக்குள்ளேயே வெயிலுக்குப் போய்விடும். மேல்வயல்களும் அலைகரை மரங்களும் தண்ணீருக்குள் நிற்கும். கட்டின் பலத்தைப் பொறியியலாளர் பார்க்காமல் வானை உயர்த்தினால் 2018 போன்ற மழையில் கட்டே உடையலாம்.

எங்கள் பரிந்துரை, சிறு பரப்பை ஆழமாக எடுப்பது. துரிசு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) மட்டத்துக்குக் கீழே எடுக்கிற குழி வயலுக்குப் பாயாது. ஆனால் ஆவணியில் மாட்டுக்கும் மீனுக்கும் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான் மிஞ்சும். பெக்கோவை இறக்கமுன் ஐந்தாறு இடத்தில் மண்வெட்டியால் குழி வெட்டி, வண்டலும் களியும் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். களிப்படையை உடைத்து மணலைத் தொட்டால் குளத்துக்கு அடியில் ஓட்டை போட்ட மாதிரி, தண்ணீர் நிற்காது. குளக்கட்டின் அடிவாரத்திலிருந்து விலகியே தோண்டவேண்டும். எடுத்த மண்ணைக் கட்டுக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையோடு திரும்பவும் குளத்துக்குள் வரும். நீரேந்துப் பகுதியில் காடு வெட்டுப்படுகிற குளமானால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 145 லோட்டும் வீண்.

யூன் 5 இல் மரம் நடவேண்டாம்

உலகச் சுற்றாடல் தினம் யூன் 5. வன்னியில் அது சோளகம் வீசி மண் வெடிக்கிற காலம். அன்று நட்ட கன்றுக்கு மழை வர நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது. விழாவை யூனில் வையுங்கள், நடுகையை ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குத் தள்ளுங்கள். ஐப்பசியில் நட்டாலும் அடுத்த மாசியிலிருந்து புரட்டாதிவரை தண்ணீர் வேண்டும். நாலு நாளுக்கு 10 லீற்றர் என்றால் ஒரு கன்றுக்கு 550 லீற்றருக்குக் குறையாது. நூறு கன்றுக்கு 5,000 லீற்றர் பவுசர் பதினொன்று. இந்தத் தண்ணீருக்கு ஆள் பெயர் எழுதப்படாவிட்டால் நூறு கன்று வாங்காமல் பத்து வாங்குங்கள். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்முட்டியைப் புதைத்து அதற்குள் தண்ணீர் ஊற்றினால் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும், அரைவாசித் தண்ணீர் போதும். கட்டாக்காலி மாட்டுக்கு அலம்பல் வேலி முதல் மூன்று வருடமும் வேண்டும்.

தண்ணீர் ஊற்றவே ஆளில்லாத இடத்துக்குப் பனங்கொட்டை. பழம் விழுகிற ஆவணி, புரட்டாதியில் பத்து அடிக்கு ஒன்றாகப் புதைத்தால் மழையோடு முளை நேரே கீழே இறங்கும். பலன் காணப் பதினைந்து வருடமாவது ஆகும்.

இன்னும் மலிவான வழி நடாமலே வளர்ப்பது. வெட்டிய காட்டில் பாலை, வீரை, முதிரை அடிக்கட்டைகள் உயிரோடு இருந்தால் வேலியடைத்து, ஒரு கட்டைக்கு இரண்டு நல்ல தளிரை விட்டு மற்றதை வெட்டுங்கள். ஆழத்தில் வேர் ஏற்கெனவே இருப்பதால் எந்த நாற்றுமேடைக் கன்றும் அதற்கு ஈடாகாது. எதையும் தொடங்கமுன் காணியின் நிலையைப் பாருங்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் தகராறு உள்ள காணியில் மரம் நட மக்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உறுதி அல்லது அனுமதிப்பத்திரப் பிரதியை வைத்து, பிரதேச செயலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு நடுங்கள்.

குடிதண்ணீருக்கு மழைத்தாங்கி

வவுனியாப் பகுதியின் பல கிணறுகளில் புளோரைட்டு கூடுதல். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறியும். அப்படிப்பட்ட ஊரில் கூரை மழை உண்மையான தீர்வு. 50 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழைக்கு, சிந்தியது போக 40 லீற்றர் சேரும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர், 180 நாளுக்கு 4,500. 5,000 லீற்றர் தாங்கி போதும், அதை நிரப்ப 125 மில்லிமீற்றர் மழை வேண்டும். குளிக்கவும் தோய்க்கவும் தொட்டால் வைகாசியிலேயே முடிந்துவிடும்.

தவறுகிற இடங்கள் மூன்று. முதல் மழைநீரை வெளியே விடாதது ஒன்று. கூரை கழுவ ஒரு மில்லிமீற்றர், அதாவது 50 லீற்றர் விடவேண்டும். நாலு அங்குலப் பைப் ஒரு மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும், எனவே பலர் பொருத்துகிற ஒன்றரை மீற்றர்ப் பைப் காணாது, 50 லீற்றர் பரல் ஒன்றை வையுங்கள். அடுத்தது, கொங்கிறீற் தாங்கியை முழுதாகக் காயவிடுவது. கோடையில் வெறுமையாக நின்றால் மெல்லிய சுவர் வெடிக்கும், அடியில் கொஞ்சத் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். மூன்றாவது, மேல்வழி பைப்புக்கு நுளம்புவலை போடாதது, டெங்கு அங்கிருந்து தொடங்கும். அஸ்பெஸ்ரஸ் கூரையில் பாசி இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், மூச்சில் போகும் நார் ஆபத்து.

மற்றவை, சுருக்கமாக

சாண எரிவாயு: ஒரு குடும்பச் சமையலுக்கு நாளுக்கு 30 முதல் 40 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். பகலெல்லாம் காட்டில் மேய்ந்து இரவில் பட்டிக்கு வரும் மாடு அரைவாசிச் சாணத்தைத்தான் தரும். கட்டி வளர்க்கிற நாலு மாடும், ஆவணியிலும் நாளுக்கு நாற்பது லீற்றர் தண்ணீரும் இல்லாத வீட்டுக்கு வேண்டாம்.

கண்டல் நடுகை: 2004 கடற்கோளுக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நட்ட கண்டலில் ஐந்தில் ஒரு பங்களவே தப்பியது. பிழையான இனமும் பிழையான நீர்மட்டமும் மாட்டு மிதிப்பும் பராமரிப்பின்மையும் காரணங்கள். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் நடமுன், அந்த இடத்தில் கண்டல் ஏன் தானாக வரவில்லை என்று கேளுங்கள். தண்ணீரோட்டம் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிட்டாலே விதை மிதந்து வந்து முளைக்கும்.

காற்றாலை: மன்னாரில் 2020 இல் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாலைகள், ஏறத்தாழ 100 மெகாவாட். நாட்டின் புகைக்கணக்கில் இது பெரிய வேலை, வீட்டுக்கு வீடு செய்கிற எதுவும் இதற்குக் கிட்ட வராது. அதற்காக இடத்தைப் பற்றிய கேள்வியை விடமுடியாது. புதிய திட்டம் வந்தால் மூன்று வரைபடம் கேளுங்கள்: வலசைப் பறவைகளின் பாதையும் வங்காலைச் சரணாலயமும் காட்டியது, மழைநீர் கடலுக்கு ஓடும் வழி காட்டியது, வீதி அமைக்க எங்கெல்லாம் மண் உயர்த்துவார்கள் என்று காட்டியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வெள்ளம் எந்தக் குடியிருப்பில் நிற்கும் என்று தெரியும்.

தெரிவுசெய்த பிறகு ஒரு போகம் சோதியுங்கள்

எதையும் முழுக் காணியிலும் தொடங்கவேண்டாம். ஒரே மண், ஒரே நெல்லினம், ஒரே நாள் விதைப்பு உள்ள இரண்டு வயல்களில் ஒன்றில் புதிய முறை, மற்றதில் பழைய முறை. நடுவரம்பில் தண்ணீர் கசியாதபடி மண் அணையுங்கள், கசிந்தால் சோதனையே பிழை. தண்ணீர் விட்ட நாள், நேரம், உரம், களையெடுத்த கூலி எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். பின்னேரம் நினைவில் இருந்து எழுதுவது கணக்கில் சேராது.

அறுவடைக்கு முதல்நாள், மெசின் இறங்கமுன், ஒவ்வொரு வயலிலும் ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை மூன்று இடத்தில் போட்டு, உள்ளே நிற்கும் கதிரை அறுத்து, தனித்தனியாக அடித்துக் காயவைத்து நிறுங்கள். வரம்போரத்தையும் பசுமையாகத் தெரிகிற இடத்தையும் தெரிவுசெய்யாதீர்கள். கண்ணை மூடிச் சட்டத்தை எறிந்து விழுந்த இடத்தில் அறுப்பது நல்லது. மூன்று நிறையையும் கூட்டி மூன்றால் வகுத்து 4,047 ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வரும். இரண்டு வயலுக்கும் உள்ள வித்தியாசம், ஒரே வயலின் மூன்று சட்டங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால் விளைச்சல் மாறவில்லை என்று கொள்ளுங்கள். அப்போது மிஞ்சிய தண்ணீரையும் உரத்தையும் கூலியையும் மட்டும் வைத்து முடிவெடுக்கலாம். அந்தக் கொப்பியை அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.